ஒன்று (லட்சங்களில்)

பெருமுதலீட்டாளர் கையிருப்புக் கண்காணிப்பு வாரியத்தின் லிஃப்ட் நின்றுபோய் ஆறு வருடமாகிறது. அதன் கதவில் ‘கண்காணிப்பில் உள்ளது’ என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும். அந்தத் தாளையும் வருடத்துக்கு ஒருமுறை புதிதாக ஒட்டுவார்கள். லிஃப்டைத்தான் யாரும் தொட மாட்டார்கள். வாரியத்தின் வேலை பார்ப்பது. பழுது பார்ப்பது அல்ல.

அதனால் அட்டவணையம்மா தினமும் எண்பத்தெட்டுப் படி ஏறினாள். நாலாவது மாடியில் அட்டவணைப் பிரிவு. பத்தொன்பது வருடமாக அந்தப் பிரிவில் ஒரே நாற்காலி, ஒரே ஜன்னல். அவளுக்கு என்று வீட்டில் வைத்த பெயர் ஒன்று சம்பளச் சீட்டில் இருந்தது. மற்றபடி மேலிருந்து கீழ் வரை எல்லோருக்கும் அவள் அட்டவணையம்மாதான்.

அவள் கண்காணித்தது ஒரே ஒரு மனிதரை. தொழில்நுட்பக் கம்பெனிகளில் பணம் போட்டுப் பெரும்பணம் பார்த்தவர். இணைய நிறுவனங்களின் பங்குகளை மூட்டை மூட்டையாக வைத்திருப்பவர். அவர் பெயரை வாரியத்துக்குள் உச்சரிக்கக் கூடாது. கோப்புகளில் அவர் ‘அன்னார்’. அன்னார் வாங்கினார், அன்னார் விற்றார், அன்னாரின் கையிருப்பில் மாற்றமில்லை. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் வாரம் சிரிப்பார்கள். இரண்டாவது வாரம் வீட்டிலும் அப்படியே பேசத் தொடங்கிவிடுவார்கள்.

இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்பதைப் பொறுமையாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய மனிதர் எதை வாங்குகிறார் என்பது சின்ன மனிதர்களுக்கும் தெரியட்டும் என்று நல்ல மனதோடு ஒரு சட்டம் போட்டார்கள். அதன்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காலாண்டின் கடைசி நாளில் தன் கையில் என்னென்ன பங்கு எத்தனை இருந்தது என்று அன்னார் எழுதிக்கொடுக்க வேண்டும். எழுத நாற்பத்தைந்து நாள் அவகாசம். அவருடைய அலுவலகம் நாற்பத்தைந்தாவது நாள் சாயங்காலம்தான் கொடுக்கும். அதே நிமிடம் அந்தப் பட்டியல் இணையத்திலும் ஏறிவிடும். கைபேசி வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

வாரியம் அப்படிப் பார்க்காது. வாரியத்துக்கு அந்தப் பட்டியல் அரக்கு வைத்த உறையில் வர வேண்டும். உறையைப் பிரிவு அதிகாரி முன்னிலையில் பிரிக்க வேண்டும். அட்டவணையம்மா அதை வாரியத்தின் தாளில் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். ஐந்து பேர் கையெழுத்துப் போட்டு, கடைசியில் முத்திரை விழுந்து, பதினான்காவது நாள் வெளியாகும். இந்தப் பதினான்கு நாளில் தகவலில் எதுவும் கூடாது. அதன் மரியாதை கூடும்.

ஆக, அன்னார் ஒரு காலாண்டின் முதல் நாளில் வாங்கிய பங்கு, மக்கள் கண்ணுக்குத் தெரிவது ஏறக்குறைய ஐந்து மாதம் கழித்து. அதற்குள் அவர் அதை விற்றிருக்கலாம், மறந்திருக்கலாம், மறுபடி வாங்கியிருக்கலாம். மக்கள் அட்டவணையைப் பார்த்து, “இப்போ இதை வெச்சிருக்காராம்” என்பார்கள். அந்த ‘இப்போ’வை நினைத்தால் அட்டவணையம்மாவுக்குக் கால் வலிக்கும்.

தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருபது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு மகானுபாவர் நாற்பதாயிரம் அட்டவணைத் தாள் அச்சடிக்கச் சொன்னார். அன்னார் எதையுமே லட்சக்கணக்கில்தானே வாங்குகிறார், ஒவ்வொரு வரியிலும் ஐந்து பூஜ்யம் எதற்கு என்று, எண்ணிக்கைக் கட்டத்தின் தலைப்பில் ‘லட்சங்களில்’ என்று சேர்த்து அச்சடித்துவிட்டார். நாற்பத்திரண்டு லட்சம் பங்கு என்றால் 42 என்று அடித்தால் போதும். நல்ல யோசனைதான். ஆனால் அடுக்கிவைத்த தாள் தீருகிற வரை வேறு தாள் வாங்கக் கூடாது என்பதால், வாரியத்தின் எல்லாப் பட்டியலும் அதிலேயே போனது. நாற்காலி, மின்விசிறி, ஊழியர் எல்லாமே லட்சங்களில்.

ஒருமுறை தணிக்கைக்கு வந்தவர்கள், நாற்காலி பூஜ்யம் என்று இருப்பதைப் படித்துவிட்டு, அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரிடமும் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். அதன்பிறகு பதினான்காம் விதி வந்தது: ‘இருக்கும் எதையும் பூஜ்யம் என்று காட்டலாகாது, ஒன்றுக்குக் குறைவானது ஒன்று எனக் கொள்ளப்படும்.’ அன்றிலிருந்து நாற்காலி 1, மின்விசிறி 1, ஊழியர் 1, தலைவர் 1. தலைவரும் ஒரு லட்சம் என்றுதான் ஆகிறது. அவர் மேடையேறிப் பேசும்போது அது சரியாக இருக்கலாம் என்றும் தோன்றும்.

இத்தனை வருடத்தில் இதனால் யாருக்கும் கெடுதல் வரவில்லை. அந்தக் காலாண்டின் உறை வரும் வரை.

உறையில் இருபத்து மூன்று வரிகள். இருபத்து இரண்டு வழக்கமானவை. கடைசி வரியில் ஒரு புது இணைய நிறுவனம்: ஒற்றைக் காலுறைக்கு ஜோடி தேடிக் கொடுக்கும் நிறுவனம்.

அதன் தொழிலும் சுவாரசியமானதுதான். துவைக்கப் போட்ட காலுறை ஜோடியில் ஒன்று காணாமல் போகும். மிச்சமிருக்கும் ஒற்றையைப் படம் எடுத்து, நிறமும் அளவும் சொல்லி அந்தத் தளத்தில் பதிந்துவைத்தால், எங்கோ இன்னொருவர் வீட்டில் அதே நிறத்தில் தனியாகக் கிடக்கும் ஒற்றையைக் கண்டுபிடித்துச் சேர்த்துவைப்பார்கள். ஆள் சேர்ப்பதற்காக, காலுறை பதிகிற ஒவ்வொருவருக்கும் தன் பங்கு ஒன்றை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது நிறுவனம். அன்னார் வீட்டிலும் சாம்பல் நிறக் காலுறை ஒன்று தொலைந்திருக்கிறது. எத்தனை கோடி இருந்தாலும் துவைக்கும் இயந்திரத்துக்கு எல்லோரும் ஒன்றுதான். அவருடைய அலுவலகம் சட்டத்துக்குப் பயந்த அலுவலகம். அந்த இலவசப் பங்கையும் விடாமல் எழுதியிருந்தார்கள்: ‘1’. கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: ‘அன்பளிப்பு. விற்க இயலாதது.’

வாரியத்தின் தாளில் குறிப்புக்கு இடம் கிடையாது. அட்டவணையம்மா எண்ணிக்கைக் கட்டத்தில் பதினான்காம் விதிப்படி 1 என்று அடித்தாள். அடித்த விரல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. நாலு மணிக்கு மேல் ஆகியிருந்தது, முதுகு வலித்தது. தாளை உருவி மேலே அனுப்பிவிட்டாள். ஐந்து பேர் கையெழுத்துப் போட்டார்கள். முத்திரை விழுந்தது.

திங்கட்கிழமை அட்டவணை வெளியானது. மதியத்துக்குள், அன்னார் காலுறை நிறுவனத்தில் ஒரு லட்சம் பங்கு வாங்கிவிட்டார் என்று ஊர் முழுக்கப் பேச்சு. சந்தேகப்பட்டு இணையத்தில் மூலப் பட்டியலைத் திறந்து பார்த்தவர்களும் இருந்தார்கள். அதிலும் 1 என்றே இருந்தது. நிம்மதியாகப் போய் வாங்கினார்கள். சாயங்காலம் பங்கு விலை பாதிக்குப் பாதி ஏறியிருந்தது.

அண்ணன் அப்போதுதான் போன் செய்தார்.

“பாப்பா, உங்க தாளைப் பார்த்தேன். காலுறைல இறங்கிட்டாராமே உங்காளு?”

ஐம்பத்திரண்டு வயதிலும் அவருக்கு அவள் பாப்பாதான். அண்ணன் முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டி, போன மாதம் ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணம் மொத்தமாக அடுத்த வியாழக்கிழமை வங்கிக்கு வருகிறது. அதில்தான் அண்ணியின் முழங்கால் ஆபரேஷன். அதில்தான் மிச்ச ஆயுசு.

“அண்ணா, அது ஒரே ஒரு பங்கு. லட்சம் இல்ல. ஒண்ணு. சும்மா குடுத்தது.”

“தாள்ல லட்சங்களில்னு போட்டிருக்கே.”

“தாள் அப்படித்தான். எங்க நாற்காலிக்கும் அதே தாள்தான்.”

“நீ சொல்றியா, முத்திரை சொல்லுதா?”

“நான் சொல்றேன்.”

“முத்திரை வேற சொல்லுதேம்மா” என்றார் அண்ணன், அவளுக்காக வருத்தப்படுகிறவர் மாதிரி. “நீ களைச்சுப்போய் அடிக்கறவ. அதுக்கு மேல அஞ்சு பேர் பார்த்திருக்காங்க. அஞ்சு பேரும் தப்பா பார்ப்பாங்களா?”

அந்த ஐந்து பேரும் பார்க்கவில்லை, கையெழுத்துத்தான் போட்டார்கள் என்பதை அண்ணனுக்கு எப்படி விளக்குவது? முத்திரை விழுந்த தாளில் திருத்தம் வந்தால்தான் நம்புவார். வியாழனுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. மறுநாள் காலை அவள் படியேறியதும் நேராகப் பிரிவு அதிகாரியின் அறைக்குப் போனாள்.

பிரிவு அதிகாரி இரண்டு தாளையும் அருகருகே வைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“மூலத்துல என்ன இருக்கு?”

“ஒண்ணு சார்.”

“நம்ம தாள்ல?”

“ஒண்ணு சார். ஆனா நம்மளுது லட்சத்துல.”

“ஒண்ணும் ஒண்ணும் ஒண்ணுதானே? எங்க தப்பு?”

“சார், மத்த வரியெல்லாம் பாருங்க. மூலத்துல முழு எண் இருக்கு. நாம அஞ்சு பூஜ்யத்தை எடுத்துட்டுப் போடறோம். அங்க நாற்பத்திரண்டு லட்சம், இங்க வெறும் நாற்பத்திரண்டு. இந்த வரில மட்டும்...”

“அதைத்தான்மா நானும் சொல்றேன்.” அவர் முகம் மலர்ந்தது. “மத்த இருபத்திரண்டு வரியும் மூலத்தோட ஒத்துப்போகல. இது ஒண்ணுதான் எழுத்து மாறாம ஒத்துப்போகுது. உங்க பத்தொம்பது வருஷ சர்வீஸ்ல முழுசா சரியா வந்த முதல் வரி இதுதான். அதைப் போய்த் திருத்தணும்கறீங்களே!”

அன்னாரின் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாமா என்றாள். கூடாது. கண்காணிப்பவர் கண்காணிக்கப்படுபவரோடு பேசினால் கண்காணிப்பு கெட்டுவிடும் என்று ஏழாம் விதி சொல்கிறது. பிழைதிருத்தக் குழுவுக்கு விண்ணப்பிக்கலாமா என்றாள். தாராளமாக. ஆனால் அந்தக் குழு கூட வேண்டுமானால் பிழை ஒன்று இருக்க வேண்டும். பிழை இருக்கிறதா என்று சொல்லவேண்டியது அதே குழு. அதனால் குழு அமைத்த நாளிலிருந்து அது கூடவில்லை. வாரியத்தில் பிழை இல்லாததற்கு அதுவே அத்தாட்சி. மூன்று உறுப்பினர்களில் ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார், ஒருவர் வெளிநாட்டில் மகள் வீட்டில் இருக்கிறார். மூன்றாமவர் பிரிவு அதிகாரியேதான்.

“நான் மட்டும் கூடலாம்” என்றார் அவர். “ஆனா கோரம் இருக்காது. குறைஞ்சது ரெண்டு பேர் வேணும்.”

வெளியே வராந்தாவில் முத்திரைக்காரர் உட்கார்ந்திருந்தார். முத்திரையைப் பூட்டி வைப்பது, திறப்பது, குத்துவது, திரும்பப் பூட்டுவது என்று இருபத்தைந்து வருடமாக இதே வேலை செய்கிறவர். மற்ற நேரமெல்லாம் பத்திரிகை படிப்பார்.

“என்ன மேடம், தப்பைக் கண்டுபிடிச்சிட்டீங்களா?”

“கண்டுபிடிச்சேன். அதுதான் சரியாம்.”

“ஏன் மேடம் உங்களுக்கு இந்த வேலை? நான் பாருங்க, குத்தறதுக்கு முன்னாடி தாளைத் தலைகீழா வெச்சுக்குவேன். படிக்கற ஆசையே வராது.”

ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். அட்டவணையம்மா கைபேசியில் மூலப் பட்டியலைத் திறந்து அண்ணன் கையில் கொடுத்தாள். அவர் அதைத் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

“இதுலயும் ஒண்ணுன்னுதானே இருக்கு. ரெண்டும் ஒத்துப்போகுதே, பாப்பா.”

“கீழ பாரு. அன்பளிப்புன்னு போட்டிருக்கு.”

“லட்சம் பங்கை அன்பளிப்பா வாங்கறார்னா, எவ்வளவு பெரிய ஆளா இருக்கணும்!”

அட்டவணையம்மா தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பிறகு காலாண்டு, நாற்பத்தைந்து நாள், பதினான்கு நாள் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். அரக்கு உறையைச் சொன்னாள், தாள் அச்சடித்த கதையைச் சொன்னாள், பதினான்காம் விதியை மனப்பாடமாக ஒப்பித்தாள். அண்ணன் கவனமாகத்தான் கேட்டார். அண்ணி நாற்காலிக் கதைக்குச் சிரித்தாள்.

“நீ சொல்றது எல்லாம் சரி” என்றார் அண்ணன் கடைசியில். “ஆனா நான் ஒண்ணு சொல்றேன் கேளு. மலைப்பாதைல மூடுபனி இறங்கிடுச்சுன்னா முன்னாடி ரோடே தெரியாது. அப்போ நான் என்ன பண்ணுவேன் தெரியுமா? முன்னால போற பெரிய லாரியோட பின்விளக்கைப் பிடிச்சுக்குவேன். அவன் திரும்பினா நானும் திரும்புவேன். அவன் நின்னா நானும் நிப்பேன். முப்பத்தொரு வருஷம், ஒரு கீறல் கிடையாது. பணமும் அப்படித்தான். எனக்கு ஒண்ணும் தெரியல, பனியா இருக்கு. பெரிய லாரி அதோ போகுது.”

“அண்ணா, அது பின்விளக்கு இல்ல. அஞ்சு மாசத்துக்கு முன்னால அந்த விளக்கை எடுத்த போட்டோ. லாரி எப்பவோ வேற பக்கம் போயிருக்கும்.”

“போட்டோவுல முத்திரை இருக்குல்ல?”

அண்ணி கண்ணால் ஜாடை காட்டினாள்: விடு, சொன்னாலும் கேட்க மாட்டார்.

செவ்வாய்க்கிழமை வாரியத்தில் விழா. அட்டவணைக்கு ஊரில் கிடைத்த வரவேற்பைப் பாராட்டித் தலைவர் பேசினார். எல்லோரும் நிற்க வேண்டியிருந்தது, நாற்காலி ஒரு லட்சம் இருந்தும்.

“சிலர் கேட்கிறார்கள்,” என்றார் தலைவர், “இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தகவலை நீங்கள் ஏன் பதினான்கு நாள் கழித்துத் தருகிறீர்கள் என்று. நண்பர்களே, இணையத்தில் கிடைப்பது வெறும் உண்மை. அதற்குக் கையெழுத்து இல்லை, முத்திரை இல்லை, யாரும் பொறுப்பேற்பதில்லை. நமது அட்டவணைக்கு ஐந்து பேர் பொறுப்பு. ஐந்து பேர் பொறுப்பு என்றால் தனியாக யாரும் பொறுப்பில்லை. அதுதான் ஒரு நிறுவனத்தின் வலிமை! அன்னார் என்ன வாங்குகிறார் என்று பார்ப்பது சாதாரண கண்காணிப்பு. அவர் வாங்குவதற்கு முன்பே அட்டவணையில் ஏற்றிவிடும் நாள் ஒன்று வரும். அந்த நாளை நோக்கி நாம் நடக்கிறோம்.”

கைதட்டினார்கள். அந்த நாள் மறுநாளே வந்தது.

புதன்கிழமை காலை அட்டவணைப் பிரிவின் தொலைபேசி அடித்தது. வாரியம் அன்னாரின் அலுவலகத்தோடு பேசக் கூடாது. அவர்கள் வாரியத்தோடு பேசுவதைப் பற்றி விதி எதுவும் சொல்லவில்லை. அன்னாரின் உதவியாளர் மிக மரியாதையான குரலில் பேசினார்.

“மேடம், எங்ககிட்ட காலுறைப் பங்கு ஒண்ணுதான் இருக்கு. உங்க அட்டவணைல லட்சம்னு இருக்கு. ரெண்டு நாளா மிச்சம் தொண்ணூத்தொம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பதை ஆபீஸ் முழுக்கத் தேடிட்டோம்.”

“இல்லாததை எங்க சார் தேடுவீங்க? அது எங்க தாள்ல வந்த கோளாறு. ஒரு புகார் எழுதிக் குடுங்க சார். உங்க புகார் வந்தா நான் அதை வெச்சு...”

“யோசிச்சோம் மேடம். எங்க ஆடிட்டர் வேண்டாம்னுட்டார். வாரியத்தோட கணக்கும் எங்க கணக்கும் மாறுபட்டா பங்குக்கு இவ்வளவுன்னு அபராதம் எங்களுக்குத்தான். புகார் முடிய ரெண்டு வருஷம் ஆகும். வாங்கறதுக்கு ரெண்டு நிமிஷம். அதனால வாங்கிட்டோம்.”

“வாங்கிட்டீங்களா?”

“இப்பதான். மிச்சம் எல்லாத்தையும். ஒரு வரியைச் சரி பண்ண வேண்டியிருந்தது, பண்ணிட்டோம். ஐயாவுக்கு நேரம் ரொம்ப முக்கியம் மேடம்.”

அன்னார் நிஜமாகவே வாங்குகிறார் என்று தரகர்கள் வழியாகக் கசிந்ததும் விலை வாரியத்தின் படிகளைவிட வேகமாக ஏறியது. வியாழக்கிழமை பத்து மணிக்கு அண்ணனின் ஓய்வுப் பணம் வங்கிக்கு வந்தது. பத்து ஐந்துக்குப் போனது. சாயங்காலம் அவர் போன் செய்து ஒரு நிமிடம் சிரித்தார். மாதக் கடைசியில் போட்டது இரண்டு மடங்காகியிருந்தது.

“பாப்பா, உன் பேச்சைக் கேட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?”

தவறு அவள் கண்ணெதிரில் சரியாகிவிட்டது. அவள் சரியாக இருந்ததுதான் இப்போது தவறு. பிரிவு அதிகாரி அவளைப் பார்க்கும்போதெல்லாம் மன்னிக்கிறவர் மாதிரி புன்னகை செய்தார். அண்ணியின் ஆபரேஷன்? “இப்போ போய் விக்கறதா? லாரி நிக்கலையே” என்றார் அண்ணன்.

அடுத்த காலாண்டு முடிந்து நாற்பத்தைந்தாவது நாள் உறை வந்தது. அரக்கு உடைத்தார்கள். பிரிவு அதிகாரி கொட்டாவி விட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டுப் போய்விட்டார். அட்டவணையம்மா இருபத்து மூன்றாவது வரிக்கு வந்தாள்.

‘1’. கீழே பொடி எழுத்தில்: ‘அன்பளிப்பு. விற்க இயலாதது.’

தொலைபேசி அடித்தது.

“உறை வந்திடுச்சா மேடம்? ஒரு நன்றி சொல்லலாம்னுதான்” என்றார் உதவியாளர். “விலை நல்லா ஏறினதும் ஐயா வித்துடச் சொல்லிட்டார். வாங்கின மொத்தத்தையும்தான், சத்தமில்லாம கொஞ்சம் கொஞ்சமா. அந்த இலவசப் பங்கை மட்டும் விக்க முடியாதே, அது இருக்கு.”

“அப்போ அபராதம்? கணக்கு மறுபடி மாறுமே?”

“அங்கதான் மேடம் எங்க ஆடிட்டர் நிக்கறார். எங்ககிட்ட லட்சம் இருந்தாலும் உங்க தாள்ல ஒண்ணு. ஒண்ணு இருந்தாலும் உங்க தாள்ல ஒண்ணு. அப்புறம் எதுக்கு லட்சத்தைச் சுமக்கணும்னு கேட்டார். நாங்க யோசிக்கவே இல்ல பாருங்க. ரொம்ப நல்ல அட்டவணை மேடம் உங்களுது.”

அவள் ரிசீவரை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் பதினான்கு நாளில் தாள் வெளியாகும். ‘காலுறை: 1. மாற்றமில்லை.’ அன்னார் அசையாமல் நிற்கிறார் என்று ஊர் நினைக்கும். அண்ணனும் நிற்பார். பின்விளக்கு அங்கேயே எரிந்துகொண்டிருக்கும், லாரி இருக்காது. என்றைக்காவது ஒருநாள், யாரோ ஒருவர் எதற்காகவோ விற்கத் தொடங்குவார். அப்போது பள்ளம் தெரியும்.

அண்ணனிடம் வாயால் சொல்லிப் பயனில்லை. அவள் அடுக்கிலிருந்து புதுத் தாள் ஒன்றை உருவினாள். ஒரே ஒரு வரி அடித்தாள். காலுறை நிறுவனம், அன்னாரின் கையிருப்பு: 0. கீழே ஐந்து பேரின் கையெழுத்தையும் போட்டாள். பத்தொன்பது வருடமாகப் பார்த்து அவை அவள் கைக்குப் பழகியிருந்தன. அவர்கள் போடுவதைவிடத் தெளிவாகவே வந்தன. தாளை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள்.

முத்திரைக்காரர் தாளை வாங்கி, வழக்கம்போலத் தலைகீழாக வைத்தார். வைத்தவர் எதற்கோ நேராகத் திருப்பினார். படித்தார். இருபத்தைந்து வருடத்தில் முதல்முறையாக இருக்கலாம்.

“யாருக்கு மேடம்?”

“எங்கண்ணனுக்கு.”

அவர் பத்திரிகையை மடித்தார். “எனக்கு டீ குடிக்கணும் போல இருக்கு. இறங்கி ஏற அரைமணி ஆகும், உங்களுக்கே தெரியும். டிராயர் பூட்டு சரியில்லன்னு எழுதிக் குடுத்தேன். கண்காணிப்பில் இருக்கு.”

அன்று சாயங்காலம் அண்ணன் தாளை விளக்கின் அடியில் வைத்து நெடுநேரம் பார்த்தார். முத்திரையை விரலால் தடவினார்.

“இது போலி” என்றார்.

“எப்படிச் சொல்றே?”

“பூஜ்யம்னு போட்டிருக்கு. இருக்கறது எதையும் உங்க வாரியம் பூஜ்யம்னு காட்டாது. பதினாலாம் விதி. நீதானே உட்கார்ந்து மணிக்கணக்கா விளக்கினே? அந்த அன்பளிப்புப் பங்கு இருக்கும்போது எப்படி பூஜ்யம் வரும்?”

அட்டவணையம்மாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அண்ணனுக்கு எல்லாமே புரிந்திருக்கிறது. நம்ப மட்டும்தான் முடியவில்லை.

“ஆமா, போலிதான்” என்றாள். “நான்தான் அடிச்சேன். கையெழுத்தும் நான்தான் போட்டேன். முத்திரையும் நான்தான் குத்தினேன்.”

அண்ணி சமையலறை வாசலில் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள். “என்னங்க, ஆபீஸ்ல இருந்து ஒரு பென்சில்கூடக் கொண்டு வர மாட்டாளே இவ” என்றாள் மெதுவாக. “ஒருதடவை நம்ம வீட்டுக்கு வந்தப்போ பைக்குள்ள குண்டூசி ஒண்ணு இருந்துச்சுன்னு மறுநாள் திரும்பக் கொண்டு போனவ.”

அண்ணன் தாளைக் கீழே வைத்தார்.

“இது வெளிய தெரிஞ்சா வேலை போயிடுமா, பாப்பா?”

“வேலை, பென்ஷன் ரெண்டும்.”

“இன்னும் எத்தனை வருஷம் இருக்கு உனக்கு?”

“ஆறு.”

அவர் தாளை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்து அதில் காட்டினார். கருகி விழும் வரை பிடித்துக்கொண்டே நின்றார். முத்திரை மையின் நாற்றம் வீடு முழுக்க அடித்தது.

“வண்டி ஓட்டறப்போ பின்னால உட்கார்ந்திருக்கறவங்க கத்தினா நான் காதுல வாங்க மாட்டேன்” என்றார் திரும்பிப் பார்க்காமல். “ஆனா ஒருத்தி ஓடற வண்டில இருந்து குதிக்கறான்னா, பிரேக் போட்டுத்தான் ஆகணும்.”

மறுநாள் காலை பத்து ஐந்துக்கு எல்லாவற்றையும் விற்றார்.

பதினான்காவது நாள் அட்டவணை வெளியானது. காலுறை: 1. மாற்றமில்லை. புயலிலும் அசையாத அன்னார் என்று தலைவர் அறிக்கை விட்டார். மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, எந்தக் காரணமும் சொல்லாமல், காலுறைப் பங்கு விழத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை அது ஒரு ஜோடி காலுறை விலைக்கு வந்திருந்தது. அடுத்த வாரம் ஒற்றையின் விலை.

அந்த நாட்களில் வாரியத்தின் எண்பத்தெட்டுப் படிகளில் இதுவரை வராதவர்கள் ஏறி வந்தார்கள். பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் வந்தார். மருந்துக்கடை வைத்திருப்பவர் ஒருவர் மூச்சு வாங்க வந்து, அட்டவணையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்தார். மடித்து மடித்துத் தாள் கிழிந்திருந்தது.

“இதுல ஒண்ணுன்னு இருக்கும்மா. அப்போ அவர் இன்னும் வெச்சிருக்கார்ல?”

“வெச்சிருக்கார்” என்றாள் அட்டவணையம்மா. அது உண்மை.

“அப்படின்னா ஏறிடும்” என்றார் அவர். தாளைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துப் படியிறங்கிப் போனார். அவருக்கு இந்த அலுவலகத்தில் தங்கை யாரும் இல்லை. அட்டவணையம்மா அன்று மதியம் கொண்டுவந்த சாப்பாட்டைத் திறக்கவில்லை.

வருடக் கடைசியில் ஆண்டறிக்கை வந்தது. அதையும் அதே தாளில்தான் அடிக்க வேண்டும். அடுக்கில் இன்னும் பதினோராயிரம் தாள் இருந்தது. நாற்காலி 1. மின்விசிறி 1. ஊழியர் 1. தலைவர் 1. கடைசி வரி: ‘இவ்வாண்டு வாரியத்தில் நிகழ்ந்த பிழைகள்’. பத்தொன்பது வருடமாக அந்த வரியில் அவள் பார்க்காமலேயே 0 அடித்திருக்கிறாள். விரல் பழக்கத்தில் பூஜ்யத்துக்குப் போனது. நின்றது. இருக்கும் எதையும் பூஜ்யம் என்று காட்டலாகாது.

அவள் 1 என்று அடித்து மேலே அனுப்பினாள். ஐந்து பேர் கையெழுத்துப் போட்டார்கள். முத்திரை விழுந்தது.

ஆண்டு விழாவில் தலைவர் அறிக்கையை, தலைப்பு முதல் அடி வரை ஒரு சொல் விடாமல், கணீரென்று வாசித்தார்.

“பிழைகள், லட்சங்களில், ஒன்று!”

எல்லோரும் கைதட்டினார்கள். பிரிவு அதிகாரி எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். கடைசி வரிசையில் நின்றிருந்த முத்திரைக்காரர் மட்டும் தட்டாமல், அட்டவணையம்மாவின் பக்கம் லேசாகச் சாய்ந்தார்.

“கொஞ்சம் குறைச்சுப் போட்டுட்டீங்க மேடம்” என்றார்.